இழை எண்ணிக் கற்கும் அருவ ஓவியம்

நீலகிரியில் அருவ ஓவியம் கற்பிக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பாடநூல், தோடர் பழங்குடியினரின் போர்வையான பூத்துக்குளி. வெளுக்காத பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாக நெய்த பட்டைகள். பட்டைகளை ஒட்டியும் அவற்றின் இடையிலும் அதே இரு நிற நூலால் போட்ட தையல். தோடர்கள் நெய்வதில்லை, துணியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். தையல்தான் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் வாழும் பெண்களின் கைவேலை. துணியில் முன்கூட்டிக் கோடு வரைவதில்லை, அச்சுப் பதிப்பதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. ஊடும் பாவுமாக ஓடும் இழைகளை விரலால் தடவி எண்ணி, இத்தனை எடுத்து இத்தனை விட்டு ஊசி நகர்கிறது. எண்ணிக்கை பிசகினால் வடிவமும் பிசகும். லயம், மீள்வரவு, நிறம் என்று அருவ ஓவிய வகுப்பு எடுத்துக்கொள்ளும் மூன்றும் இந்த ஒரே வேலையில் சேர்ந்திருக்கின்றன.

1. அருவம் என்பது எது

காணும் பொருளின் தோற்றத்தைப் படியெடுக்காமல், கோடு, வடிவம், நிறம், இடைவெளி ஆகியவற்றின் ஒழுங்கைக் கொண்டே நிற்கும் ஓவியம் அருவ ஓவியம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. கண்ட பொருளைப் படிப்படியாகச் சுருக்கி, அதன் சாரமான சில கோடுகளை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு வழி. எந்தப் பொருளையும் மனத்தில் கொள்ளாமல் அளவிலும் வரிசையிலும் தொடங்குவது மற்றொன்று.

பூத்துக்குளியில் இரண்டும் காணக் கிடைக்கின்றன. எருமைக் கொம்பு, முயல் காது, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றின் பெயர் கொண்ட வடிவங்கள் முதல் வழியைச் சேர்ந்தவை. தோடர்களின் முதல் பூசாரியின் நினைவாகப் போடப்படும் கறுப்பு முக்கோணக் கட்டம் இரண்டாம் வழிக்கு அருகில் நிற்கிறது. அதன் பெயரைச் சொல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் முக்கோணங்களின் அடுக்கு.

கொம்பு எப்படிக் கோடாகிறது என்பதில்தான் மாணவருக்கான பாடம் இருக்கிறது. கொம்பு வளைந்தது, துணியின் இழையோ நேரானது. இழையோட்டத்தை ஒட்டியே தைப்பதால் வளைவை வளைவாகப் போட முடியாது. ஒவ்வொரு வரிசையிலும் ஓரிரு இழை தள்ளித் தொடங்கினால் படிக்கட்டு போன்ற ஒரு சாய்கோடு கிடைக்கும். வளைவு படிக்கட்டாக மாறும் அந்த இடத்தில் பொருள் விலகி வடிவம் முன்னே வருகிறது. கருவியும் ஊடகமும் விதிக்கும் கட்டுப்பாடே தோற்றத்தைச் சுருக்கிவிடுகிறது. அருவம் கலைஞரின் மனம்போன போக்கில் பிறப்பது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வகுப்பறையில் கிடைக்காது.

2. கற்பித்தலின் சிறு வரலாறு

வடிவத்தை எண்ணி, அடுக்கிக் கற்பிக்கும் முறை ஐரோப்பியக் கல்வியில் 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்டது. ஜெர்மனியில் ஃபிரடெரிக் ஃப்ரோபெல் 1837-இல் தொடங்கிய பள்ளியில் மரக்கட்டைகளும் வண்ணப் பந்துகளும் குழந்தைகளின் முதல் பாடப்பொருள்கள். 1919-இல் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில் யோஹானஸ் இட்டென் நடத்திய அடிப்படை வகுப்பு மூச்சுப் பயிற்சியோடும் உடல் அசைவோடும் ஆரம்பித்தது. கை ஓடுவதற்கு முன் உடலில் லயம் ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே 1921 முதல் கற்பித்த பால் க்ளே, கோட்டை நடந்து செல்லும் ஒரு புள்ளியாக விளக்கினார். இட்டென், க்ளே, அதே பள்ளியைச் சேர்ந்த கண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தமிழகத்தில் இந்தக் கலைக்கல்விச் சிந்தனையின் களம் சென்னைக் கலைப் பள்ளி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1957 முதல் பத்தாண்டு முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகவும் அவரே முன்னின்றார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசைக்குத் தூண்டுதலாக இருந்தது மாணவர் ஒருவரின் நோட்டுப் பக்கம்: எண், எழுத்து, வடிவியல் கோடு எல்லாம் நெருங்கிக் கிடந்த பக்கம். மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளியில் படித்த ஓவியர் எஸ்.எச். ரஸாவுக்கு, அலைபாயும் மனத்தை நிறுத்த ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியைக் காட்டினார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர் ஓவியங்களின் மையமாக நின்ற 'பிந்து' அந்தப் புள்ளிதான்.

3. லயம்

லயம் என்பது இடைவெளிகளின் ஒழுங்கு. ஒலியில் அது காலத்தை அளக்கிறது; தாளில் இடத்தை அளக்கிறது. தமிழ் மாணவருக்கு இதை விளக்கத் தாளத்தைவிட நெருக்கமான வழி இல்லை. 'தகிட' என்றால் 3, 'தகதிமி' என்றால் 4, 'தகதகிட' என்றால் 5, 'தகிட தகதிமி' என்றால் 7. வகுப்பு முதலில் கை தட்டிச் சொல்லட்டும். பிறகு கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் அட்சரம் விழும் கட்டத்துக்கு மட்டும் நிறம் தீட்டலாம். காதில் கேட்டது கண்ணுக்குப் பட்டையாகத் தெரியும்.

அடுத்த படி, இரண்டு நடைகளை மோதவிடுவது. ஒரே வரிசையில் ஒவ்வொரு 3-ஆம் கட்டத்துக்கும் சிவப்பு, ஒவ்வொரு 4-ஆம் கட்டத்துக்கும் கறுப்பு. 3, 4, 6, 8, 9, 12 ஆகிய கட்டங்களில் நிறம் விழும். 12-இல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமரும். அடிக்கும் அடிக்கும் உள்ள தூரம் 3, 1, 2, 2, 1, 3. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. யாரும் திட்டமிடாத சமச்சீர் இரண்டு எளிய எண்களிலிருந்து தானாக எழுகிறது. இதை ஒருமுறை கண்டுகொண்ட மாணவர் 3-க்கு 5, 4-க்கு 7 என்று தாமே தேடப் போவார்.

லயம் ஒரே அளவில் நிற்க வேண்டியதில்லை. வளரும், தேயும் லயங்களுக்குக் கர்நாடக இசையின் ஆறு யதிகள் ஆயத்தமான வரைபடங்கள். சம யதியில் அளவு மாறாது. கோபுச்ச யதி பசுவின் வால் போல அகலமாகத் தொடங்கிக் குறுகும். ஸ்ரோதோவஹ யதி ஆறு போலக் குறுகலாகத் தொடங்கி விரியும். மிருதங்க யதி இடையில் பருத்திருக்கும். டமரு யதி இடையில் சிறுத்திருக்கும். விஷம யதிக்கு வரிசை கிடையாது. பெயர்களே வடிவங்கள் என்பதால், வண்ணக் காகிதப் பட்டைகளை வெட்டி ஆறையும் அடுக்கிப் பார்ப்பது ஒரே பாடவேளைக்குள் முடியும்.

மலையிலும் லயத்துக்கு எடுத்துக்காட்டு நிறைய. கல்லாறு முதல் குன்னூர் வரை மலை ரயில் ஏறும் பல்தண்டவாளத்தில் இரண்டு பல்வரிசைகள் அருகருகே ஓடுகின்றன. ஒரு வரிசையின் பல் வரும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி அவை அரை அளவு தள்ளிப் பதிக்கப்பட்டவை. எந்நேரமும் ஏதாவது ஒரு பல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரே வடிவ வரிசையை அரைப் படி நகர்த்தி வைத்தால் நிலையான கோடு நகரத் தொடங்குவதை இந்த உதாரணத்தைக் கொண்டு வரைந்து காட்டலாம். தேயிலைத் தோட்டம் தருவது வேறு வகை. மண் அரிப்பைத் தடுக்கச் சரிவின் சம உயரக் கோட்டை ஒட்டிச் செடிகள் நடப்பட்ட இடங்களில் வரிசைகள் நேராகப் போகாமல் மலையின் உடலோடு வளைகின்றன. செடிகளின் இடைவெளி மாறுவதில்லை. மலை வளையும்போது அந்தச் சீரும் சேர்ந்து வளைகிறது.

4. மீள்வரவு

ஒரு வடிவம் திரும்ப வருவது மீள்வரவு. அது எப்படித் திரும்புகிறது என்பதில்தான் நுட்பம். அப்படியே நகர்ந்து வரலாம். கண்ணாடியில் தெரிவது போலப் புரண்டு வரலாம். அரைச்சுற்றுச் சுழன்று தலைகீழாக வரலாம். ஈரத் தரையில் பதிந்த காலடித் தடம் போல ஒவ்வொன்றும் நகர்ந்தபடியே இடமும் வலமுமாகப் புரண்டு வரலாம். இந்த அசைவுகளை எப்படிக் கலந்தாலும், ஒரே வரிசையில் ஓடும் கரை வடிவங்கள் ஏழு வகைக்குமேல் போவதில்லை என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. துணிக் கரை, சேலை ஓரம், வாசற்படிக் கோலத்தின் எல்லைக்கோடு ஆகிய எல்லாம் அந்த ஏழுக்குள் அடங்கும். உருளைக்கிழங்கை வெட்டிச் செய்த ஓர் அச்சையும் அதன் கண்ணாடிப் பிம்பமான இன்னோர் அச்சையும் கொண்டு மாணவர் ஏழையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். அச்சின் வடிவம் ஒழுங்கற்றதாக, 'ட' எழுத்தைப் போல இருந்தால்தான் வகைகளின் வேறுபாடு தெரியும். வட்டத்தை அச்சாக வைத்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும்.

கோலம் இதற்கு இணையான பாடம். 7 புள்ளி 7 வரிசை நேர்ப்புள்ளியில் 49 புள்ளிகள். நடுவரிசை 15 தொடங்கி இருபுறமும் 8 வரை இறங்கும் ஊடுபுள்ளியில் 169. புள்ளி வைத்ததுமே கோலத்தின் எல்லையும் சமச்சீரும் பாதி முடிவாகிவிடுகின்றன. மீதியைச் சுற்றிவரும் கோடு தீர்மானிக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினர். சிறிய விதியைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்திப் பெரிய வடிவத்தை அடைய முடியும் என்பது அந்த ஆய்வின் சாரம். வாசலில் நின்று கோலம் போடும் சிறுமி அதைப் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறாள்.

மீள்வரவு முழுமையானால் அலங்காரமாக முடியும். ஓரிடத்தில் உடைந்தால் ஓவியமாகத் தொடங்கும். எங்கே உடைப்பது என்பதை விதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உடைப்பு கண்ணில் படுவதற்கு அதற்கு முன் சீர் நிலைபெற்றிருக்க வேண்டும் என்பதை மாணவருக்குக் காட்ட முடியும். மூன்று முறை திரும்பிய பின் மாறுவதும், பதினொரு முறை திரும்பிய பின் மாறுவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. நியூயார்க்கில் பீட் மோண்ட்ரியான் 1942-43-இல் தீட்டிய 'பிராட்வே பூகி வூகி' இதற்கு நல்ல சான்று. நகரத் தெருக்களின் கட்டச் சட்டகமும் ஜாஸ் இசையின் துள்ளலும் சேர்ந்த அந்த ஓவியத்தில் சிறு சதுரங்கள் சீராக ஓடி, எதிர்பாராத இடங்களில் நிறம் மாறுகின்றன.

5. நிறம்

நிறத்தில் தொடக்க மாணவர் செய்யும் பிழை, பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் பயன்படுத்துவது. பூத்துக்குளியின் நிறங்கள் இரண்டு. துணியின் வெண்மையைச் சேர்த்தால் மூன்று. அந்தக் குறைவில்தான் அதன் வலிமை. நிறம் இரண்டே என்பதால், எந்தக் கட்டம் சிவப்பு, எந்தக் கட்டம் கறுப்பு என்ற தெரிவே வடிவத்தின் பொருளாகிறது. முதல் சில வகுப்புகளில் இரண்டு நிறங்களுக்குமேல் தராமல் இருப்பது ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி.

அடுத்துக் கற்க வேண்டியது, நிறம் தனித்து நிற்பதில்லை என்பது. பௌஹவுஸில் படித்து அங்கேயே கற்பித்த யோசஃப் ஆல்பர்ஸ், 1963-இல் வெளிவந்த நூலில் இதையே வாழ்நாள் பாடமாகத் தொகுத்தார். ஒரே சாம்பல் நிறத் துண்டைச் சிவப்புத் தாளில் வைத்தால் ஒரு விதமாகவும் கறுப்புத் தாளில் வைத்தால் வேறு விதமாகவும் தெரியும். சாயம் கலந்து நேரம் போக்குவதைவிட வண்ணக் காகிதத்தை வெட்டி வைத்துப் பார்ப்பதே இந்தப் பயிற்சிக்கு ஏற்றது என்றார் அவர். பழைய வார இதழ்களின் அட்டைகளும் கல்யாணப் பத்திரிகை உறைகளுமே போதும் என்பதால் செலவும் இல்லை. சிவப்புச் சதுரத்தை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நீலப்பச்சைச் சாயல் மிதக்கும். நிறத்தின் ஒரு பகுதியைக் கண்ணே உண்டாக்குகிறது என்பதற்கு இது நேரடிச் சோதனை.

பச்சையைக் கற்கக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளைவிட நல்ல இடம் அரிது. புதுக் கொழுந்தின் மஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலையின் கரும்பச்சை, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் இலையின் வெள்ளி கலந்த பச்சை, கவாத்து செய்த பகுதியின் பழுப்புச் சாம்பல் ஆகிய எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கடையில் விற்கும் பச்சைச் சாயத்தைத் தொடாமல், மஞ்சளும் நீலமும் கலந்து ஒன்பது படிப் பச்சைகளை வரிசையாக்குவது நல்ல வீட்டுப்பாடம். மூடுபனி இறங்கும் நாளில் அதே சரிவைத் திரும்பப் பார்க்கலாம். தொலைவில் உள்ள மலைமுகடுகளில் நிற வேறுபாடு குறைந்து எல்லாம் நீலச்சாம்பலை நோக்கி ஒடுங்கும். அதைத் தாளில் நான்கு தட்டைப் பட்டைகளாக வைத்தால் மாணவர் தம் முதல் அருவ நிலக்காட்சியை அடைந்துவிடுகிறார்.

சாயங்களையும் அடுக்களையிலிருந்தே எடுக்கலாம். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு. கெட்டியான தேயிலை டிகாஷன் தாளில் பழுப்பாகப் பிடிக்கும். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த வினிகரை அதன்மேல் தடவினால், தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கருஞ்சாம்பலாக மாறும். கோத்தகிரிப் பகுதியின் ஆலு குறும்பர் ஓவிய மரபிலும் வேங்கை மரத்துப் பிசினும் இலைச்சாறும் மண்ணும் நிறங்களாகப் பயன்படுகின்றன.

6. பாட வரிசை

ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஆறு பாடவேளைகள் போதும். முதலில் கைதட்டலும் கட்ட நோட்டும். இரண்டாவதில் யதிப் பட்டைகள். மூன்றாவதில் சுருக்கல்: இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கொண்ட தேயிலைத் தளிரை முதலில் உள்ளபடி வரைந்து, பின் ஐந்து படிகளில் மூன்றே கோடுகளாகக் குறைப்பது. நான்காவதில் உருளைக்கிழங்கு அச்சுகளும் ஏழு வகைக் கரைகளும். ஐந்தாவதில் இரு நிறங்களின் இடமாற்றம்: செய்த வடிவத்தையே சிவப்பைக் கறுப்பாகவும் கறுப்பைச் சிவப்பாகவும் மாற்றி மீண்டும் செய்து, இரண்டையும் அருகருகே தொங்கவிடுவது.

ஆறாவதில் ஊசி. கோணிப்பைத் துணியின் இழை தடித்தது. குழந்தையின் விரலுக்கு எளிதில் எண்ணக் கிடைக்கும். முனை மழுங்கிய கோணி ஊசியும் இரு நிறக் கம்பளி நூலும் தந்து, கட்ட நோட்டில் செய்த வரிசையை எந்தக் கோடும் வரையாமல் எண்ணியே தைக்கச் சொல்ல வேண்டும். 3 எடுத்து 1 விட்டு என்று வாய் முணுமுணுக்கும்போது முதல் வகுப்பின் தாளம் கைக்கு வந்து சேர்கிறது.

7. மதிப்பிடுதல்

'இது என்ன?' என்பது அருவ ஓவிய வகுப்பில் பயன் தராத கேள்வி. அதற்கு மாணவர் ஒரு கதை சொல்லித் தப்பிவிடுவார். கேட்க வேண்டியவை மூன்று. அடி எங்கே விழுகிறது? எது திரும்ப வருகிறது, எங்கே மாறுகிறது? ஒரு நிறத்தை எடுத்துவிட்டால் எது இடிந்துவிழும்? மூன்றுக்கும் விரல் வைத்துக் காட்டி விடை சொல்ல முடிந்தால் வேலை நிற்கிறது. முடியாவிட்டால் அது இன்னும் கிறுக்கலே. 'குழந்தைகூட இதைப் போடும்' என்ற வழக்கமான கேலிக்கும் இதுவே பதில்: எண்ணத் தெரிந்த குழந்தை போடும்.

தையல் வேலையில் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தோடர் தையலில் நூலின் சிறு புடைப்புகள் வேண்டுமென்றே விடப்படுகின்றன. அந்தச் சொரசொரப்பான பக்கத்தையே அவர்கள் முகப்பாகக் கொள்கிறார்கள். மாணவரின் நூல் பின்னால் எப்படிப் பயணம் செய்தது என்பதில் அவர் எண்ணிய முறை முழுவதும் பதிந்திருக்கும்.

8. மரபுக்குரிய மரியாதை

பூத்துக்குளி அணிவதற்கும், இறந்தவரைப் போர்த்துவதற்கும் உரிய துணி. அதன் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே வகுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணும் முறை. எருமைக் கொம்பையும் முயல் காதையும் அப்படியே படியெடுத்துப் பள்ளி விழாவில் விற்பனைக்கு வைப்பது முறையாகாது. மாணவர் தம் சொந்த ஊரின் ஒரு பொருளை, தேயிலைக் கூடையையோ ரயில் பல்லையோ, தாமே சுருக்கித் தம் வடிவத்தை அடையட்டும். காட்சிக்கு வைக்கும் தாளின் கீழே, முறை யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இழை எண்ணத் தெரிந்த பெண்கள் உதகையைச் சுற்றியுள்ள மந்துகளில் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீலகிரிப் பள்ளிகளின் ஓவிய வகுப்புக்கு அவர்களை ஆசிரியர்களாக, உரிய ஊதியம் தந்து அழைக்க வேண்டும்.